ஐந்தாம் வர்க்கமும் உடையாத எண்ணும்

நம் ஆசாரியர்கள் எண்ணைக் கொண்டு உலகை அளந்தவர்கள். தீவுகளும் கடல்களும், ஜீவராசிகளும், காலத்தின் நுண்ணிய கூறுகளும் அவர்தம் கணக்கினுள் அடங்கின. நான்கு அனுயோகங்களுள் கரணானுயோகத்தைக் கணிதமின்றி ஓதவே இயலாது. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மஹாவீராசாரியர் கணிதசார சங்கிரகம் என்னும் நூலை இயற்றினார். அந்நூல் 1912ஆம் ஆண்டு சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. ஆதலின் இவ்விதழில் கணிதப் பாடம் ஒன்று இடம்பெறுவது பொருந்தாத செயல் ஆகாது என்னும் துணிவில் இதனை எழுதுகிறோம்.

துணிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் நாம் எட்டாம் வகுப்பில் பகா எண்களைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தோம். 2, 3, 5, 7, 11 என வரிசையைக் கூறி முடித்தபின், மாணவியர் வியக்கட்டும் என்று கரும்பலகையில் 2,14,74,83,647 என்று எழுதி, “இதுவும் பகா எண்ணே” என்றோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், இதை யார் வகுத்துப் பார்த்தார்கள்?” என்று வினவினாள். “புத்தகத்தில் இருக்கிறது, எழுதிக்கொள்” என்றோம். அவள் எழுதிக்கொண்டு அமர்ந்துவிட்டாள். பின்னர் அவ்வாண்டு முழுவதும் அவள் வினா எதுவும் எழுப்பவில்லை. அன்று நமக்கு விடை தெரியாது என்பது பெரும்பிழை அன்று. தெரியாது என்று கூறாமல் நூலின் பெயரால் ஒரு வினாவை அடக்கியதே பிழை. அவ்வினாவுக்குரிய விடையை இப்போது எழுதுகிறோம்.

வர்க்கங்களின் வரிசை

நம் நூல்களில் 2 என்னும் எண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒன்றைச் சங்கியாதத்தில் சேர்ப்பதில்லை. மிகச் சிறிய சங்கியாதம் இரண்டே என்பது ஆகம வழக்கு. அந்த இரண்டை அதனாலேயே பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். நான்கை அதனாலேயே பெருக்க 16, இரண்டாம் வர்க்கம். மூன்றாவது 256. நான்காவது 65,536. ஐந்தாவது 4,29,49,67,296. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296.

நான்காம் வர்க்கத்தைப் பிராகிருத நூலார் அறுபத்தைந்து என்னும் பொருள்பட ‘பண்ணட்டி’ என்றும், ஐந்தாம் வர்க்கத்தை நாற்பத்திரண்டு என்னும் பொருள்பட ‘பாதால்’ என்றும் வழங்குவர். எண்ணின் முதலிரு இலக்கங்களே அதன் பெயராயின. 65,536 அறுபத்தைந்தில் தொடங்குகிறது. 4,29,49,67,296 நாற்பத்திரண்டில் தொடங்குகிறது. பத்து இலக்க எண்ணுக்கும் செல்லப்பெயர் இட்டு அழைக்குமளவு அவர்கள் அதனோடு பழகியிருந்தனர்.

பத்தாம் நூற்றாண்டில் சாமுண்டராயர் காலத்தவரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோம்மடசார ஜீவகாண்டத்தில் பர்யாப்த மனிதர்களின் தொகையை ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்று கூறுகிறார். 2ஐ 96 முறை பெருக்கினால் வரும் எண் அது. 29 இலக்கங்கள் கொண்டது. அவ்விலக்கங்கள் அனைத்தையும் எழுத்துகளாக மாற்றி, வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் எனக் கொள்ளுமாறு ஒரு காதையில் அமைத்துள்ளார். நாம் ஒருநாள் அக்காதையை எழுத்தெழுத்தாக எண்ணாக்கி, பெருக்கி வந்த விடையோடு ஒப்பிட்டோம். 29 இலக்கங்களும் ஒத்தன. அத்தொகையின் தத்துவப் பொருளைக் கற்றறிந்தோர் வாய்க் கேட்டறிக. இப்பாடத்திற்கு நாம் எடுத்துக்கொள்வது ஐந்தாம் வர்க்கத்தை மட்டுமே.

ஓர் எண்ணை எத்தனை முறை மீதியின்றிப் பாதியாக்கலாம் என்னும் அளவை ‘அர்த்தச்சேதம்’ என்பர். ஷட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரை வகுத்த வீரசேனாசாரியர் இதனை விரிவாகக் கையாள்கிறார். 16இன் அர்த்தச்சேதம் 4. 256இன் அர்த்தச்சேதம் 8. ஐந்தாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 32.

ஐந்தாம் வர்க்கத்தை ஒரு முறை பாதியாக்குவோம். 2,14,74,83,648 வரும். இன்னும் 31 முறை பாதியாக்கி ஒன்றுக்கு வந்து சேரலாம். அத்துணை எளிதில் உடையும் எண் அது. அதிலிருந்து ஒன்றைக் கழிப்போம். 2,14,74,83,647. நாம் அன்று கரும்பலகையில் எழுதிய எண் இதுவே. இதனை 1ஆலும் இதனாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்க இயலாது. மறுபக்கத்து அண்டை எண்ணாகிய 2,14,74,83,646 என்பதோ 2, 3, 3, 7, 11, 31, 151, 331 ஆகியவற்றின் பெருக்கற்பலன். இடப்புறமும் வலப்புறமும் உள்ள எண்கள் தூள்தூளாக உடைய, நடுவில் நிற்பது மட்டும் உடையாதிருக்கிறது.

சொன்னவரும் சோதித்தவரும்

உடையாது என்பது எவ்வாறு தெரிந்தது? 2இன் அடுக்குகளில் ஒன்று குறைந்த எண்களைப் பாருங்கள். 3, 7, 31, 127 ஆகியவை முறையே 2இன் 2ஆம், 3ஆம், 5ஆம், 7ஆம் அடுக்குகளில் ஒன்று குறைந்தவை. நான்கும் பகா எண்கள். அடுக்கைக் குறிக்கும் எண் பகா எண்ணாயின் விளைவதும் பகா எண்ணே என்று கருதத் தோன்றும். ஆனால் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2,047 என்பது 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலன். அடுக்கு எண் பகா எண்ணாக இருப்பது தேவை, அதுமட்டும் போதாது.

இத்தாலிய நாட்டுக் கட்டால்டி 1603இல் வெளியிட்ட நூலில், 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்றார். அந்நான்கில் 31 மட்டுமே சரி. 23ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 83,88,607 என்பது 47ஆல் மீதியின்றி வகுபடும். பிரான்சு நாட்டுத் துறவியாகிய மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டும் பகா எண்களைத் தரும் என்றார். இவ்வகைப் பகா எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும் அப்பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன. 67, 257 இரண்டும் சேர்க்கத்தகாதவை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. இப்பிழைகள் அனைத்தும் வெளிப்பட முந்நூறு ஆண்டுகள் ஆயின.

31ஐப் பொறுத்தவரை கட்டால்டியும் மெர்சென்னும் கூறியது உண்மை. எனினும் 23ஐக் குறித்தும் 67ஐக் குறித்தும் அதே உறுதியோடுதான் கூறினர். உண்மையாக முடிந்த கூற்று வேறு, உண்மையென்று அறிந்து கூறிய கூற்று வேறு. வேறுபாடு சொல்லில் தெரியாது. காரணத்தைக் கேட்டால்தான் தெரியும். 31க்குக் காரணம் காட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யத் தலைநகராயிருந்த பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ஆய்லர். பெர்னூலிக்கு அவர் எழுதி 1772இல் அச்சான கடிதத்தில் அது காணப்படுகிறது. பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்த காலம் அது. கண்ணால் எண்களைக் காண இயலாதவர், காரணத்தால் கண்டார்.

வேலை எவ்வளவு?

முதலில் வேலையின் அளவை மதிப்பிடுவோம். ஓர் எண் இரு எண்களின் பெருக்கற்பலனாயின், அவற்றுள் ஒன்றேனும் அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340க்குச் சற்று மேல். ஆதலின் 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே 4,700க்கு மேற்பட்டவை. நாளொன்றுக்கு 40 வகுத்தல் செய்தாலும் ஏறத்தாழ நான்கு திங்கள் ஆகும். இச்சுமையைக் குறைக்கும் வழியைக் காண்போம்.

மீதிகளின் வட்டம்

7 என்னும் பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 7ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள், சுழி நீங்கலாக, 1 முதல் 6 வரை. ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போவோம். 7ஐத் தாண்டினால் 7ஐக் கழித்துவிடுவோம். 1, 2, 4, பின்பு 8 ஆகவேண்டியது 1 ஆகிறது. மூன்று எண்கள் கொண்ட வட்டம். எஞ்சியவற்றுள் 3இல் தொடங்குவோம். 3, 6, பின்பு 12க்குப் பதில் 5, பின்பு 10க்குப் பதில் 3. இதுவும் மூன்று எண்கள் கொண்ட வட்டம். ஆறு மீதிகளும் மும்மூன்றாக இரு வட்டங்களில் அடங்கிவிட்டன. கும்மியடிக்க ஆறு சிறுமியர் இரு வட்டமாக நிற்பதுபோல.

எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் (2 நீங்கலாக) வட்டங்கள் யாவும் ஒரே அளவினவாக இருக்கும். காரணம் இது. ஒரு மீதி சில முறை இரட்டித்தபின் மீண்டும் தன்னிடமே வருகிறது என்றால், இரட்டித்து வந்ததற்கும் தொடக்கத்திற்கும் உள்ள வேறுபாடு அப்பகா எண்ணால் வகுபடுகிறது என்று பொருள். அவ்வேறுபாடு, தொடங்கிய மீதியை, 2இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கியதாகும். தொடங்கிய மீதியோ பகா எண்ணைவிடச் சிறியது; வகுபடாது. எனவே வகுபடுவது அந்த ஒன்று குறைந்த எண்ணே. அதற்கும் எந்த மீதியில் தொடங்கினோம் என்பதற்கும் தொடர்பில்லை. ஆகவே எல்லா வட்டங்களும் ஒரே நேரத்தில் சுற்றி முடிகின்றன.

வட்டங்கள் ஒரே அளவின எனின், மொத்த மீதிகளின் எண்ணிக்கை வட்டத்தின் அளவால் மீதியின்றி வகுபடவேண்டும். மொத்த மீதிகள் பகா எண்ணைவிட ஒன்று குறைவு. 7க்கு 6 மீதிகள், வட்டம் 3. 31க்கு 30 மீதிகள், வட்டம் 5. 23க்கு 22 மீதிகள், வட்டம் 11. 1640இல் ஃபெர்மா கண்ட புகழ்பெற்ற விதியின் உட்பொருள் இதுவே.

முதற் சல்லடை

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். அதனை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அப்பகா எண்ணுக்குரிய வட்டத்தில், ஒன்றில் தொடங்கி 31 முறை இரட்டித்தால் மீண்டும் ஒன்றுக்கே வரவேண்டும். அங்ஙனமாயின் 31 என்பது வட்டத்தின் அளவால் வகுபடவேண்டும். 31 பகா எண். எனவே வட்டத்தின் அளவு 1 அல்லது 31. ஒன்றை ஒரே முறை இரட்டித்தால் 2 ஆகுமேயன்றி ஒன்றாகாது. ஆகவே அளவு 1 அன்று. வட்டம் 31 எண்கள் கொண்டதே.

முற்பகுதியில் கண்டபடி, அப்பகா எண்ணில் ஒன்று குறைந்தது 31ஆல் வகுபடவேண்டும். அப்பகா எண் ஒற்றைப்படையாதலால் ஒன்று குறைந்தது 2ஆலும் வகுபடும். ஆகவே 62ஆல் வகுபடும். நம் எண்ணை உடைக்கவல்ல பகா எண் எதுவாயினும், 62இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கவேண்டும். 46,340க்குள் அத்தகைய எண்கள் 747 மட்டுமே. அவற்றுள்ளும் பல, பகு எண்கள். அவற்றால் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை.

இதே வழியில் 11ஆம் அடுக்கைச் சோதித்துப் பாருங்கள். 22இன் மடங்கைவிட ஒன்று கூடிய முதல் எண் 23. அதுவே 2,047ஐ உடைக்கிறது. 23ஆம் அடுக்குக்கு 46இன் மடங்கைவிட ஒன்று கூடிய முதல் எண் 47. அதுவே 83,88,607ஐ உடைக்கிறது. கட்டால்டி இவ்வழியை அறிந்திருந்தால் முதல் வகுத்தலிலேயே தம் பிழையைக் கண்டிருப்பார்.

இரண்டாம் சல்லடை

இங்கே ஐந்தாம் வர்க்கம் மீண்டும் வருகிறது. நம் எண்ணை வகுக்கும் பகா எண்ணின் வட்டத்தில் 31ஆம் இரட்டிப்பு ஒன்றைத் தருகிறது. அடுத்த இரட்டிப்பு, அதாவது 32ஆவது, 2ஐத் தரும். 32 முறை இரட்டித்து வருவது ஐந்தாம் வர்க்கமன்றோ? அது 65,536 என்னும் நான்காம் வர்க்கத்தின் வர்க்கமன்றோ? ஆகவே அப்பகா எண்ணால் வகுக்கும்போது ஒரு வர்க்கம் 2ஐ மீதியாகத் தருகிறது.

எல்லாப் பகா எண்களுக்கும் இது நிகழாது. 7க்கு நிகழும், 3இன் வர்க்கமாகிய 9 மீதி 2 தரும். 17க்கு நிகழும், 36 மீதி 2 தரும். 23க்கு 25, 31க்கு 64. ஆனால் 3, 5, 11, 13 ஆகியவற்றுக்கு எந்த வர்க்கமும் 2ஐ மீதியாகத் தராது. விதி யாதெனின், 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தரும் பகா எண்களுக்கே இது நிகழும் என்பது. இவ்விதியின் நிறுவல் நீண்டது. அதனை நாம் இங்கு நிறுவவில்லை. சில எண்களில் காட்டினோம், அவ்வளவே. நிறுவியதையே ஏற்பேன் என்பார் முதற் சல்லடையோடு நின்று சற்று மிகுதியாக உழைக்கலாம். அவர்க்கும் அதே முடிவே கிட்டும்.

இரு சல்லடைகளையும் ஒருங்கே கொண்டால் எஞ்சுபவை இரு வகை எண்களே: 248இன் மடங்கைவிட 1 கூடியவை, 248இன் மடங்கைவிட 63 கூடியவை. 46,340க்குள் இவை 372. அவற்றிலும் பகு எண்களை நீக்கினால் நூற்றுக்கும் குறைவே.

தொடக்கத்தை எழுதிப் பார்ப்போம். 249 மூன்றால் வகுபடும், நீக்குக. 311 பகா எண்; வைத்துக்கொள்க. 497 ஏழால், 559 பதின்மூன்றால், 745 ஐந்தால், 807 மூன்றால், 993 மூன்றால், 1,055 ஐந்தால், 1,241 பதினேழால் வகுபடுவன, நீக்குக. 1,303 பகா எண், வைத்துக்கொள்க. 1,303 வரையில் 213 பகா எண்கள் உள்ளன. அவற்றுள் நாம் சோதிக்க வேண்டியவை 311, 1,303 என்னும் இரண்டே. 311ஆல் வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. 1,303ஆல் வகுத்தால் ஈவு 16,48,107, மீதி 226. இரண்டும் உடைக்கவில்லை. இவ்வாறே 46,340 வரை சென்றால் எதுவும் உடைக்காது. நான்கு திங்கள் வேலை, பொறுமையுள்ள ஒருவர்க்கு இரண்டு மூன்று நாள் வேலையாகச் சுருங்கிவிட்டது. “யார் வகுத்துப் பார்த்தார்கள்?” என்ற வினாவுக்கு விடை இதுவே: ஆய்லர் பார்த்தார், விரும்பினால் நீயும் பார்க்கலாம்.

இவ்வெண்ணின் வேறு பண்புகள்

6 என்னும் எண்ணைத் தன்னினும் சிறிய எண்களுள் 1, 2, 3 வகுக்கும். அவற்றைக் கூட்டினால் 6. இவ்வாறே 28இன் காரணிகள் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இவற்றை நிறைவு எண்கள் என்பர். 6 என்பது 2, 3 ஆகியவற்றின் பெருக்கற்பலன். 28 என்பது 4, 7 ஆகியவற்றின் பெருக்கற்பலன். 2இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவு எண்ணைப் பிறப்பிக்கும் என்று யூக்ளிட் காட்டினார். நம் எண் பிறப்பிக்கும் நிறைவு எண் 19 இலக்கங்கள் கொண்டது: 2305843008139952128. இங்கிலாந்து நாட்டுப் பார்லோ 1811இல், இதனினும் பெரிய நிறைவு எண்ணை எவரும் இனிக் காணப்போவதில்லை, பயனற்ற ஆராய்ச்சியில் யார் முயல்வார் என்னும் கருத்துப்பட எழுதினார்.

பயன் என்பது எப்போது எவ்வழியில் வரும் என்று கூறுதல் அரிது. கணிப்பொறி தோன்றியபின் இவ்வெண் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தது. 32 இடங்களில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால், எஞ்சிய 31 இடங்களில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் இதுவே. இது 2இன் அடுக்கைச் சார்ந்த பண்பு; பகாமையைச் சார்ந்ததன்று. 1970 ஜனவரி முதல் நாள் தொடங்கி நொடிகளை எண்ணும் முறையில், இவ்வளவு இடமே கொண்ட கணிப்பொறிகளின் கணக்கு 2038 ஜனவரி 19ஆம் நாள் இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் நிரம்பிவிடும்.

பகாமையைச் சார்ந்த பயனும் உண்டு. ஒன்றில் தொடங்கி, 16,807ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்த மீதியை எடுத்து, மீண்டும் 16,807ஆல் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே சென்றால், 2,14,74,83,646 மீதிகளும் ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூட இருமுறை வராமல் ஒரே வட்டத்தில் வந்து முடியும். ஒழுங்கற்றவை போலத் தோன்றும் எண்கள் வேண்டியபோது கணிப்பொறியாளர் இவ்வட்டத்தைப் பயன்படுத்தினர். மேலே 7ஐக் கொண்டு நாம் கண்ட அதே வட்டந்தான். அளவு மட்டும் பெரிது.

உடையும் எனத் தெரியும், எங்கே எனத் தெரியாது

மெர்சென்னின் பட்டியலில் இருந்த 67ஆம் அடுக்கின் வரலாறு நம்மவர் அறியவேண்டிய ஒன்று. 1876இல் பிரான்சு நாட்டு லூகாஸ், அவ்வெண் பகா எண் அன்று என நிறுவினார். ஆனால் அதன் காரணி ஒன்றையும் அவர் காணவில்லை. வகுக்காமலே பகாமையை அறியும் முறை ஒன்றை அவர் கண்டிருந்தார். பிற்காலத்தில் லேமர் அதனைச் செம்மைப்படுத்தினார். முறை இது: நான்கில் தொடங்கி, வர்க்கித்து, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை எடுக்கவேண்டும். இதனை அடுக்கு எண்ணைவிட இரண்டு குறைவான முறை செய்து, இறுதியில் சுழி வந்தால் பகா எண். வராவிடில் பகு எண். 31ஐச் சோதிப்போம், அது 5ஆம் அடுக்கினது, ஆகவே மூன்று முறை. 4இலிருந்து 14, 14இலிருந்து 194, மீதி 8, 8இலிருந்து 62, மீதி சுழி. 31 பகா எண். நம் பத்து இலக்க எண்ணுக்கும் 29 முறை போதும்.

மலைமேல் புகை கண்டு நெருப்புண்டு என்று துணிவதை நம் தருக்க நூலார் அனுமானம் என்பர். நெருப்பைக் காணவில்லை, ஆயினும் ஐயமில்லை. லூகாஸ் அறிந்தது அத்தகையது. நெருப்பைக் காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் கோல். 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில், ஒரு சொல்லும் பேசாமல், கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கி, 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 147573952589676412927ஐ வருவித்துவிட்டு அமர்ந்தார் என்பர். அவையோர் கைதட்டினர். அவ்வுரைக்கு நூலின் பெயரும் வேண்டியிருக்கவில்லை, ஆசிரியரின் பெயரும் வேண்டியிருக்கவில்லை.

2024 அக்டோபரில், லூக் டுரான்ட் என்னும் அமெரிக்கர், தன்னார்வலர் பலர் கூடி நடத்தும் தேடலின் வழியே, 2இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண் எனக் கண்டார். அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் 13,675 பக்கங்கள் ஆகும். அதனை உறுதிசெய்ததும் லூகாஸ், லேமர் முறையே. அத்துணைப் பெரிய எண்ணும் நம் ஆகம நோக்கில் சங்கியாதத்துள் அடங்குவதே. அசங்கியாதத்தின் வாயிலைக்கூட அது எட்டவில்லை. அசங்கியாதத்துள் மிகச் சிறியதில் ஒன்று குறைந்ததே சங்கியாதத்துள் மிகப் பெரியது என நம் நூல்கள் வரையறுப்பதை இங்கு நினைவுகூர்க. அங்கும் ஒன்றே எல்லையை வகுக்கிறது.

ஐயமின்மையும் வினாவும்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. இதனை வினாவின்மை என்று நாம் பலகாலம் தவறாகப் பொருள் கொண்டிருந்தோம். சிரேணிக மன்னன் வினவியிராவிடில் கௌதம கணதரர் வாய்ப் புராணம் பிறந்திராது. வீரசேனாசாரியரும் தவளையில் வினாவை எழுப்பியே விடையை நாட்டிச் செல்கிறார். வினாவைக் கடந்து வந்து நிற்பதே ஐயமின்மை. வினாவைத் தடுத்து நிறுத்தினால் கிடைப்பது வாயடைப்பு மட்டுமே.

நம் பாடசாலைகளிலும் ஞாயிறு வகுப்புகளிலும் பயிற்றுவிக்கும் இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம். குழந்தை கேட்கும் வினாவுக்கு விடை தெரியுமாயின் காரணத்தோடு கூறுங்கள். தெரியாவிடில், “தெரியாது, இருவரும் தேடுவோம்” என்று கூறுங்கள். நாம் அன்று கூறத் தவறிய சொற்கள் அவை. அச்சிறுமி இன்று நடுவயதைக் கடந்திருப்பாள். இவ்விதழ் அவள் இல்லத்துக்கும் செல்லுமாயின், 311ஆல் அவளே ஒருமுறை வகுத்துப் பார்க்கட்டும்.

பயிற்சி

1. 248இன் மடங்கைவிட 1 கூடிய பகா எண்களுள் முதலாவது 1,489. அதனால் 2,14,74,83,647ஐ வகுத்து, மீதி 199 வருகிறதா எனக் காண்க.

2. 17க்குரிய மீதிகளை வட்டங்களாக அமைக்க. எத்தனை வட்டங்கள்? ஒவ்வொன்றிலும் எத்தனை எண்கள்?

3. லூகாஸ், லேமர் முறையால் 127ஐச் சோதிக்க. (ஐந்து முறை வர்க்கிக்க வேண்டும். இடையில் வரும் மீதிகள் 14, 67, 42, 111. இறுதி மீதியை நீங்களே காண்க.)